கலைப்பதற்கு முன் ஒரு கேள்வி

வடக்கு அந்தமானின் திக்லிபூரில் ஒருவர் கைபேசியில் பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறார். பாதியில் சிக்னல் போய்விடுகிறது. செயலி உறைந்துபோய் நிற்பதில்லை. ‘இணைப்பு கிடைக்கவில்லை, சற்று நேரம் கழித்து முயலுங்கள்’ என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு, அடுத்த முயற்சிக்குத் தயாராக இருக்கிறது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழைக் கம்பிவடம் வந்து சேரும்வரை, பெரும்பாலும் செயற்கைக்கோளையே நம்பியிருந்த தீவுக்கூட்டம் இது. அந்த வரியைப் பார்க்காத கைபேசி இங்கே இருக்க முடியாது. அது திரைக்கு வருவதற்கு முந்தைய நொடித்துகளில் செயலிக்குள் ஒரு விசாரணை நடந்து முடிந்திருக்கிறது. நிரலாளர்கள் அதை எக்ஸெப்ஷன் கையாளுதல் என்பார்கள். அதன் கதை இங்கிலாந்தில் தொடங்கி மியூனிக், கலிபோர்னியா, பிரெஞ்சு கயானா வழியாகப் புதுச்சேரிக்காரர் ஒருவரின் மேசை வரை வருகிறது.

முதலில் அந்த விசாரணை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரு நிரல் என்பது ஒன்றையொன்று வேலை ஏவும் ஃபங்ஷன்களின் தொடர். ‘பணம் அனுப்பு’ என்பது ‘கணக்கைச் சரிபார்’ என்பதை அழைக்கும். அது ‘வங்கியோடு பேசு’ என்பதை அழைக்கும். ஒவ்வொன்றும் தன் பாதி முடிந்த வேலையின் விவரத்தை நினைவகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைக்கும். ஆங்கிலத்தில் இதற்கு ஸ்டாக் என்று பெயர். மேலே இருக்கும் ஃபங்ஷன் திடீரென்று தடுக்கி விழுவதுதான் எக்ஸெப்ஷன். அப்போது, ‘இதைச் சமாளிக்க யாருக்குத் தெரியும்?’ என்ற கேள்வி ஒவ்வோர் அடுக்காகக் கீழே போகும்.

திக்லிபூர் தாசில் அலுவலகத்தில் கிளம்பும் ஒரு சிக்கல் மாயாபந்தரில் உள்ள மாவட்டத் தலைமையகத்துக்கும், அங்கிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று இப்போது பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேருக்கும் போவதை நினைத்துப்பாருங்கள். ஒவ்வொரு மேசையிலும் கேட்கப்படுவது ஒன்றுதான்: ‘இது நம்முடையதா?’ யாராவது ஒருவர் ‘ஆம், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லும்வரை முந்தைய அலுவலகங்களில் எந்தக் கோப்பையும் மூடக் கூடாது. ஏனென்றால் என்ன நடந்தது என்பதற்கான சாட்சியமெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. பொறுப்பேற்க ஆள் கிடைத்த பிறகே இடைப்பட்ட அலுவலகங்கள் தங்கள் கோப்புகளை முறைப்படி முடித்து, எடுத்த பொருள்களைத் திருப்பிக் கொடுத்து, மேசையைக் காலி செய்யலாம். அந்தக் கேள்விதான் ஃபில்டர். அந்தக் காலி செய்தல்தான் அடுக்குக் கலைப்பு. முதலில் விசாரணை, பிறகு கலைப்பு என்ற இந்த வரிசை நிலைபெற ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

கதையின் முதல் பொருள் அந்த அடுக்கு. 1945 இறுதியில், இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்காக ஆலன் டூரிங் ஒரு கணினித் திட்டத்தை எழுதினார். ஒரு வேலையின் நடுவே துணைவேலை ஒன்றுக்குப் போனால் திரும்பிவரும் இடத்தை எப்படி நினைவில் வைப்பது? திரும்ப வேண்டிய இடத்தை நினைவகத்தில் ‘புதைத்து’, வேலை முடிந்ததும் ‘தோண்டியெடுக்கும்’ முறை ஒன்றை அவர் முன்வைத்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1957இல், மியூனிக்கின் பிரீட்ரிஷ் பவுவரும் கிளாவுஸ் சாமல்சனும் இதே எண்ணத்துக்குத் தாங்களாகவே வந்து சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அவர்கள் வைத்த பெயர் நிலவறை.

அந்த நிலவறையை உலகப் பொதுச் சொத்தாக்கியது ஒரு தொலைபேசி அழைப்பு. 1960இல் அல்கால் 60 மொழியின் அறிக்கையை கோபன்ஹேகனில் பீட்டர் நவுர் தொகுத்துக்கொண்டிருந்தார். பிப்ரவரி மாதத்தில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வான் வைன்கார்டன் தமக்காகவும் டைக்ஸ்ட்ராவுக்காகவும் அவரை அழைத்து, ஒரு ஃபங்ஷன் தன்னைத்தானே அழைக்கலாம் என்பதைத் தெளிவாக்கும் வாக்கியம் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். நவுர் சேர்த்துவிட்டார். குழுவில் சிலர் இதைப் பின்னால்தான் அறிந்தார்கள். பவுவர் அதை ஆம்ஸ்டர்டாம் சதி என்றே குறிப்பிட்டார். தன்னைத்தானே எத்தனை முறை வேண்டுமானாலும் அழைக்கும் ஃபங்ஷனுக்கு நினைவகத்தில் நிலையான ஓரிடம் போதாது. வளர்ந்து சுருங்கும் அடுக்கு வேண்டும். பெரும்பாலான நிரல்மொழிகள் அடுக்கின் மேல் ஏறி நிற்பதற்கு அந்த ஒற்றை வாக்கியம் பெரிய காரணம்.

இரண்டாவது பொருள், தடுக்கி விழுதல். 1951இல் வந்த யூனிவாக் கணினியில் கூட்டலின் விடை இடம் கொள்ளாமல் வழிந்தால், எந்திரம் நின்றுவிடத் தேவையில்லை. நினைவகத்தின் பூஜ்ஜிய முகவரிக்குத் தாவி, அங்கே எழுதிவைத்த இரண்டு கட்டளைகளால் நிலைமையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பலாம். அல்லது நிரலாளர் விரும்பினால் நின்றுவிடலாம். சமாளித்துத் தொடர்வதா, கைவிடுவதா என்று எந்திரமே ஒரு தேர்வைக் கொடுத்தது. அடுத்த நாற்பது ஆண்டு விவாதத்தின் விதை அந்தத் தேர்வில் இருந்தது.

1960களில் லிஸ்ப் மொழியில் எர்செட் என்ற வசதி வந்தது. ஒரு வேலையில் பிழை நேர்ந்தால் மொத்த நிரலும் சாயாமல், எர்செட் சூழ்ந்திருக்கும் இடம்வரை மட்டும் பின்வாங்க வைக்கும் வசதி அது. நிரலாளர்கள் இதில் ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். ஆழமான தேடலின் நடுவே விடை கிடைத்துவிட்டால், படிப்படியாகத் திரும்பி வராமல் வேண்டுமென்றே ஒரு ‘பிழையை’ எழுப்பி ஒரே தாவலில் வெளியே வந்தார்கள். விளைவு, உண்மையான பிழைகளும் இந்தப் போலிப் பிழைகளும் ஒரே வலையில் சிக்கிக் கலந்துபோயின. இரண்டையும் பிரிப்பதற்காக 1972இல் எம்.ஐ.டி.யின் மேக்லிஸ்ப்பில் கேட்ச், த்ரோ என்ற இரட்டையர் பிறந்தார்கள். இன்று எல்லாக் கல்லூரிப் பாடநூல்களிலும் பிழைக்காகவே இருக்கும் இவ்விரு சொற்களும், பிழை அல்லாதவற்றைப் பிழையிலிருந்து விலக்கிவைக்க வந்தவை!

இதற்கிடையே ஐ.பி.எம். நிறுவனமும் அதன் வாடிக்கையாளர் அமைப்பான ஷேரும் 1964இல் ஒரு மொழியை வடிவமைத்தன. பொறியாளர்களின் ஃபோர்ட்ரானையும் வணிகர்களின் கோபாலையும் ஒன்றாக்கும் கனவு அது, பெயர் பி.எல்.-ஒன். அதில் ‘பூஜ்ஜியத்தால் வகுக்க நேர்ந்தால் இதைச் செய்’, ‘கோப்பு முடிந்துவிட்டால் அதைச் செய்’ என்று முன்கூட்டியே கட்டளையிடலாம். பிழைகளுக்குப் பெயர் வைத்து, பெயர்வாரியாக வழி சொன்ன முன்னோடி மொழிகளில் ஒன்று இது. 1973இல் ஐ.ஐ.டி. சென்னைக்கு வந்த ஐ.பி.எம். 370/155 இந்த மொழி புழங்கிய கணினிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் பி.எல்.-ஒன்னில் ஒரு கட்டளை எப்போது நடைமுறைக்கு வரும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது நிரல் ஓடும் பாதையைப் பொறுத்தது. நிரலைப் படித்தவரால் எந்தப் பிழைக்கு யார் பொறுப்பு என்று சொல்ல முடியவில்லை.

இந்தச் சிக்கலுக்கு 1975இல் ஒழுங்கான இலக்கணம் எழுதியவர் ஜான் பி. குட்இனஃப். லித்தியம் பேட்டரிக்காக 2019இல் வேதியியல் நோபல் பெற்ற ஜான் பி. குட்இனஃப் வேறொருவர், பெயரும் முதலெழுத்தும் மட்டுமே ஒன்று. பிழை நேர்ந்த பிறகு திரும்பி வரவே கூடாதா, வந்தே ஆக வேண்டுமா, இரண்டும் முடியுமா என்று கணினியியல் குட்இனஃப் எக்ஸெப்ஷன்களை வகைப்படுத்தினார். அந்தக் கட்டுரை இரு முகாம்களைத் தெளிவாகக் காட்டியது. ஒரு முகாம், ‘சரிசெய்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வோம்’ என்றது. மற்றொன்று, ‘தடுக்கியவன் கதை முடிந்தது, பொறுப்பேற்பவன் அங்கிருந்து புதிதாகத் தொடங்கட்டும்’ என்றது.

முதல் முகாமின் கோட்டை கலிபோர்னியாவில் இருந்த ஜெராக்ஸ் பார்க் ஆய்வகம். சன்னல்களும் மவுஸும் வளர்ந்த அதே இடத்தில், மீசா என்ற மொழி விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியைத் தந்தது. இரண்டாம் முகாமின் கோட்டை எம்.ஐ.டி. அங்கே பார்பரா லிஸ்கோவ் க்ளூ மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார். பிற்காலத்தில், 2008ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது பெற்றவர். 1979இல் அவரும் ஆலன் ஸ்னைடரும் வெளியிட்ட கட்டுரையின்படி, ஃபங்ஷன் தான் எழுப்பக்கூடிய எக்ஸெப்ஷன்களைத் தன் தலைப்பிலேயே அறிவிக்க வேண்டும். எழுப்பியதும் அதன் வேலை முடிந்தது. இன்னொரு நுட்பமும் அதில் இருந்தது. எந்த இடத்தில் பிழை வந்தால் யாரிடம் போக வேண்டும் என்பதை ஓர் அட்டவணையாகத் தனியே எழுதிவைத்துவிட்டால், பிழையே வராத சாதாரண நாள்களில் நிரலுக்குக் கூடுதல் செலவே இல்லை. சி++ நிரலை எந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலர்கள் இந்த அட்டவணை வழிக்குப் பின்னால் வந்து சேர்ந்தன.

எந்த முகாம் வென்றது என்பதற்கு ஓர் அபூர்வமான சாட்சியம் உண்டு. 1991 நவம்பரில் பாலோ ஆல்டோவில் சி++ தரக்குழு கூடியபோது, மீசாவின் வழியில் வந்த மொழிகளோடு நெடுங்காலம் பழகிய ஜிம் மிட்செல் வந்து பேசினார். சுமார் ஐந்து லட்சம் வரிகள் கொண்ட ஓர் அமைப்பில் பத்தாண்டுகளாக இந்த வசதியைப் பயன்படுத்தினார்கள். காலப்போக்கில் ‘விட்ட இடத்திலிருந்து தொடர்’ என்ற இடங்கள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டு, கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதுவும் தேவையற்றதாக இருந்தது. வசதியை உருவாக்கிய ஆய்வகத்திலிருந்து வந்தவரே அதற்கு எதிராகப் பேசியபோது குழுவுக்கு வேறு வாதம் வேண்டியிருக்கவில்லை. சி++ இரண்டாம் முகாமைத் தேர்ந்தது. ஜாவா, பைத்தான், சி ஷார்ப் எல்லாம் அதே வழியில் நடந்தன.

சி++ மொழிக்கு அந்த வசதியை வடிவமைத்தவர்கள் பெல் ஆய்வகத்தின் பியார்ன் ஸ்ட்ரவுஸ்ட்ரூப்பும் ஆண்ட்ரூ கோனிக்கும். அதற்கு முன் சி மொழியில் லாங்ஜம்ப் என்ற தாவல் இருந்தது. அது அடுக்கின் நடுவே இருந்தவர்களைக் கண்டுகொள்ளாமல் ஒரேயடியாகக் குதித்துவிடும். திறந்த கோப்பு திறந்தபடியே கிடக்கும். போட்ட பூட்டு பூட்டியபடியே இருக்கும். 1990இல் வெளிவந்த அவர்களுடைய வடிவத்தில், எக்ஸெப்ஷன் பின்வாங்கும்போது ஒவ்வோர் அடுக்கிலும் நின்று, அங்கே பிறந்த ஒவ்வொரு பொருளின் அழிப்பான் ஃபங்ஷனையும் அழைத்துவிட்டே நகரும். கோப்பு மூடப்படும், பூட்டுத் திறக்கப்படும். சி குடும்பத்தில் அடுக்குக் கலைப்பு என்பது வெறும் தப்பித்தல் என்ற நிலையிலிருந்து ஒழுங்கான விடைபெறலாக மாறியது இங்கேதான்.

ஆனால் ‘கலைப்பதற்கு முன் கேள்’ என்ற விதி வேறொரு வழியில் வந்தது. 1977இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வேக்ஸ் என்ற கணினியை வெளியிட்டது. அதில் ஒவ்வோர் அடுக்கின் தொடக்கத்திலும் ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டிருந்தது. சிக்கல் வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்ற முகவரியை எழுத. சிக்கல் நேர்ந்ததும் அமைப்பு அந்த முகவரிகளை ஒவ்வொன்றாக விசாரிக்கும். பதில் மூன்றில் ஒன்று: ‘சரிசெய்துவிட்டேன், தொடரலாம்’, ‘என்னுடையதல்ல, அடுத்தவரைக் கேள்’, ‘நான் ஏற்கிறேன், அடுக்கைக் கலை’. இந்த விசாரணை முழுவதும் நடக்கும்போது அடுக்கு அப்படியே இருக்கும். அந்தக் கணினியின் வி.எம்.எஸ். இயங்குதளத்தை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் டேவ் கட்லர்.

1988இல் கட்லர் மைக்ரோசாஃப்ட்டுக்குப் போனார். 1993 ஜூலையில் அவருடைய குழு விண்டோஸ் என்.டி.யை வெளியிட்டபோது, அதன் அடிவயிற்றில் அதே மூன்று பதில்கள் இருந்தன. இம்முறை அவற்றுக்கு ஃபில்டர் என்று பெயர். சி மொழியில் எழுதும் ஒருவர் தன் நிரலைச் சுற்றி ஒரு வேலி போட்டு, வேலியின் வாயிலில் ஒரு கேள்வியை எழுதலாம்: வந்திருப்பது எந்தச் சிக்கல், அதை ஏற்பதா வேண்டாமா? இது வணிகச் சரக்கு கைமாறுவது போன்ற நிகழ்வல்ல. ஒரு மனிதர் வேலை மாறியதோடு ஒரு சிந்தனைமுறையே இடம் மாறியது.

அடுத்து வந்தது வழக்கறிஞர்களின் காலம். டர்போ பாஸ்கலால் புகழ்பெற்ற போர்லாண்ட் நிறுவனம், எக்ஸெப்ஷன் பதிவேடுகளை அடுக்கிலேயே வைக்கும் முறைக்கு 1994இல் காப்புரிமை கேட்டு 1997இல் பெற்றது. அது 2014வரை உயிரோடு இருந்தது. அதனால் 32-பிட் விண்டோஸுக்கான கட்டற்ற கம்பைலர்கள், இயங்குதளத்தின் சொந்த வழியை விட்டுவிட்டு வேறு ஏற்பாடுகளோடு காலம் தள்ளின. வேறோர் இடத்தில் இதே காப்புரிமைக் காலத்தில் இன்னொரு விந்தை நடந்தது. இன்டெல்லும் ஹெச்.பி.யும் பெரும் நம்பிக்கையோடு இட்டானியம் என்ற சில்லை உருவாக்கிக்கொண்டிருந்தன. அதற்காகப் பல நிறுவனங்கள் கூடி சி++ நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் விதிகளை எழுதின. எக்ஸெப்ஷன் வந்தால் முதல் சுற்றில் பொறுப்பாளரைத் தேடு, இரண்டாம் சுற்றில் கலைத்துச் சுத்தம் செய் என்று அந்த விதிநூல் தெளிவாகச் சொன்னது.

இட்டானியம் சந்தையில் தோற்றது; கடைசிச் சில்லுகள் 2021இல் அனுப்பப்பட்டதோடு முடிந்தது. விதிநூல் மட்டும் சாகவில்லை. லினக்ஸ் அதை எடுத்துக்கொண்டது. மேக்கும் ஆண்ட்ராய்டும் அதன் வழியைப் பெரும்பாலும் பின்பற்றின. திக்லிபூர்க்காரர் கையில் இருக்கும் கைபேசியில் ஒரு சி++ எக்ஸெப்ஷன் எழும்போது, சந்தையில் தோற்ற ஒரு சில்லுக்காக எழுதிய இரண்டு சுற்று விதியே இன்றும் ஓடுகிறது.

விசாரிக்க யாருமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் 1996 ஜூன் 4ஆம் தேதி பார்த்தது. பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. திசை அறியும் கருவியின் மென்பொருள், முந்தைய ஏரியன் 4இலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. எழுதிய மொழி அடா. முதன்மை எஞ்சின் எரியத் தொடங்கி ஏறத்தாழ 37 நொடிகளில், கிடைமட்ட வேகம் தொடர்பான ஒரு 64-பிட் எண்ணை 16-பிட் இடத்தில் திணிக்க முயன்றபோது அது கொள்ளவில்லை. எக்ஸெப்ஷன் எழுந்தது. ஆபத்தான ஏழு எண்களில் நான்குக்குப் பாதுகாப்பு எழுதியிருந்தார்கள். கணினியின் சுமையைக் குறைக்க மூன்றை விட்டுவைத்தார்கள். விட்ட மூன்றில் ஒன்று அது.

எக்ஸெப்ஷனை ஏற்க யாரும் இல்லாததால், வடிவமைப்பின்படியே அந்தக் கருவி தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்றுக் கருவியும் அதே மென்பொருளை ஓட்டியதால், நொடித்துகளுக்கு முன்பே அதே காரணத்தால் நின்றிருந்தது. கடைசியாக முதல் கருவி அனுப்பிய பிழை விவரத்தை, பறக்கும் திசை பற்றிய தகவல் என்று தலைமைக் கணினி எடுத்துக்கொண்டு ராக்கெட்டை வளைத்தது. நான்கு அறிவியல் செயற்கைக்கோள்களோடு ராக்கெட் சிதறியது. வேதனை என்னவென்றால், அந்தக் கணக்கே கிளம்பிய பிறகு தேவைப்படாதது. பழைய ராக்கெட்டின் வழக்கத்தால் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிழக்கே பறக்கும் நம் ராக்கெட்டுகளைப் பின்தொடரும் இஸ்ரோவின் நிலையங்களில் ஒன்று அந்தமானின் தலைநகரில் இருக்கிறது. அத்தகைய நிலையங்களின் திரைக்கு வரும் ஒவ்வோர் எண்ணும் நம்பத்தக்கதா, பிழையின் முனகலா என்று பிரித்தறிவதன் அருமையை ஏரியன் 5 உலகுக்குக் காட்டியது. ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணை அறிக்கை 1996 ஜூலை 19 தேதியிட்டு வெளிவந்தது.

அதே 1996இல் போர்லாண்டின் நட்சத்திர வடிவமைப்பாளர் ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் மைக்ரோசாஃப்ட்டுக்கு மாறினார். டெல்ஃபியை எழுதிய கையால் சி ஷார்ப்பை எழுதினார். ஜாவா, க்ளூவின் வழியில் ஃபங்ஷன் தலைப்பிலேயே எக்ஸெப்ஷனை அறிவிக்கக் கட்டாயப்படுத்தியிருந்தது. நிரலாளர்கள் அந்தக் கட்டாயத்திலிருந்து தப்ப வெறும் கேட்ச் போட்டு எல்லாவற்றையும் விழுங்குவதைப் பார்த்த ஹெயில்ஸ்பெர்க் அதைச் சேர்க்கவில்லை. 2002இல் சி ஷார்ப் ஓடும் டாட்நெட் தளம் வெளியானபோது, விண்டோஸின் ஃபில்டர் அதன் அடித்தளத்திலேயே இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்தும் சொல் கிடைத்தது விஷுவல் பேசிக் மொழிக்குத்தான். 1990களின் இறுதியில் தமிழ்நாட்டின் தெருவுக்குத் தெரு இருந்த கணினிப் பயிற்சி மையங்களில் பல மாணவர்கள் கற்ற மொழியின் வாரிசு அது. ‘பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ’ என்ற வசதியால் பழைய விஷுவல் பேசிக் பொறியாளர்களிடையே மதிப்பிழந்திருந்தது. அந்தக் குடும்பத்தின் வாரிசிடம்தான் மிக நுட்பமான கருவி முதலில் சேர்ந்தது! சி ஷார்ப் காத்திருந்தது, பதின்மூன்று ஆண்டுகள்.

2015 ஜூலை 20ஆம் தேதி விஷுவல் ஸ்டுடியோ 2015 வந்தது. அதோடு வந்த சி ஷார்ப் 6இல் ‘வென்’ என்ற ஃபில்டர் இடம்பெற்றது. அப்போது மைக்ரோசாஃப்ட்டின் நிரலாக்கக் கருவிகள் பிரிவுக்குத் தலைவர், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த புதுச்சேரிக்காரர் எஸ். சோமசேகர். அவர் 1989இல் அந்த நிறுவனத்தில் சேர்ந்து, விண்டோஸ் என்.டி. உருவான நாள்களிலும் பணியாற்றியவர். வேக்ஸில் பிறந்து கட்லரோடு என்.டி.க்கு வந்த சிந்தனை, சோமசேகர் பொறுப்பேற்றிருந்த பிரிவிலிருந்து கோடிக்கணக்கான சி ஷார்ப் நிரல் வரிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

‘கேட்ச் போட்டு உள்ளே இஃப் வைத்தால் போதாதா?’ என்று அப்போது பலர் கேட்டார்கள். போதாது. கேட்சுக்குள் நுழையும் நேரத்தில் நடுவில் இருந்த அடுக்குகள் கலைந்திருக்கும். ‘என்னுடையதல்ல’ என்று மறுபடி எறிந்தாலும், பிழை எங்கே, எந்த எண்களோடு நிகழ்ந்தது என்ற சாட்சியம் போய்விடும். ஃபில்டர் கேட்கும்போது எல்லாம் அப்படியே இருக்கும். யாரும் ஏற்காமல் நிரல் இறந்தால் அந்த இறுதி நிலையைப் படம் பிடித்துப் பொறியாளர் ஆராயலாம். சிலர் ஃபில்டருக்குள் பிழையைக் குறித்துவைத்துவிட்டு வேண்டுமென்றே ‘இல்லை’ என்று பதில் சொல்ல வைக்கிறார்கள். சாட்சியத்தைப் பதிவு செய்ய இது பாதுகாப்பான வழி.

ஆனால் இதே வலிமைக்குள் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒரு ஃபங்ஷன் சிறிது நேரத்துக்கு உயர் அதிகாரத்தைக் கடன் வாங்கி வேலை செய்கிறது, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் எக்ஸெப்ஷன் எழுந்தால், திருப்பிக் கொடுக்கும் கலைப்பு நடக்கும் முன்பே கீழ் அடுக்கில் இருப்பவரின் ஃபில்டர் ஓடும். அதாவது, அந்நியர் எழுதிய ஃபில்டர், கடன் வாங்கிய உயர் அதிகாரத்தோடு ஓடும். இதை டாட்நெட் ஆவணங்கள் எச்சரித்திருக்கின்றன. விசாரணை முதலில் நடக்கட்டும். விசாரிப்பவர் கையில் என்ன சாவி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

புது மொழிகள் சில வேறு திசை எடுத்தன. 2009இல் வந்த கோ மொழி, பிழையைச் சாதாரண மதிப்பாகக் கையில் கொடுத்து ஒவ்வொரு படியிலும் பார்க்கச் சொன்னது. 2015இல் முதல் நிலையான பதிப்பு கண்ட ரஸ்ட்டும் அதே பாதை. பீதி நிலைக்கு மட்டும் அடுக்கைக் கலைக்கும். மறுபக்கம், 2022இல் வந்த பைத்தான் 3.11, க்ளூ காலத்து அட்டவணை யோசனையை எடுத்துக்கொண்டு ட்ரை என்ற வார்த்தையின் செலவை ஏறத்தாழ இல்லாமலாக்கியது. 2024 நவம்பரில் வந்த டாட்நெட் 9 எக்ஸெப்ஷன் கையாளுதலைப் புதிதாக எழுதி, எறிந்து பிடிக்கும் வேகத்தை இரண்டு முதல் நான்கு மடங்கு உயர்த்தியது.

ஏரியன் 5 பற்றிய லியோன்ஸ் அறிக்கை வெளிவந்து சரியாக 28 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் புதுப்பிப்புக் கோப்பு ஒன்று விண்டோஸின் மையத்தில் எல்லை மீறி நினைவகத்தைப் படிக்க வைத்தது. அதில் எழுந்த எக்ஸெப்ஷனை ஏற்க யாரும் இல்லை. ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். டூரிங், லிஸ்கோவ், கட்லர் எல்லாரும் வழி காட்டிய பிறகும், அந்த ஒரு வாயிலில் கேள்வி கேட்க ஆள் இல்லாமல் போனது.

இந்தப் பயணத்திலிருந்து இன்று சென்னையிலோ கோவையிலோ நிரல் எழுதும் ஓர் இளைஞருக்குக் கிடைக்கும் பாடம் எளிது. எல்லாப் பிழையையும் பிடித்து விழுங்கும் வெறும் கேட்சை எழுதாதீர்கள். உங்களால் உண்மையிலேயே சமாளிக்க முடிவதை மட்டும் ஏற்று, மற்றதை அதன் சாட்சியம் கலையாமல் அடுத்தவருக்கு அனுப்புங்கள். நீங்கள் திறந்ததை நீங்களே மூடுங்கள். பழைய மென்பொருளைப் புது ராக்கெட்டில் வைக்கும் முன், அது எழுப்பும் எக்ஸெப்ஷன்களுக்கு யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். யாரும் ஏற்காத பிழை நேரே பயணியிடமும் நோயாளியிடமும் போய் நிற்கிறது.